நடைபழகும் பிள்ளையும் நீர்ப்பயணமும்: எந்த வயது ஏற்றது?

சிறு குழந்தையை எந்த வயதில் படகிலோ கப்பலிலோ ஏற்றலாம் என்ற கேள்விக்குத் தரும நூல்களும் கப்பல் நிறுவனங்களும் மருத்துவர்களும் உளவியலாளர்களும் பயணச்சீட்டு விதிகளும் தனித்தனியே விடை வைத்திருக்கின்றன. நான்கு மாதம், ஆறு மாதம், ஒரு வயது, மூன்று வயது, ஐந்து வயது என்று அவை ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் நிற்கின்றன. ஒவ்வோர் எண்ணும் வேறொரு கவலையிலிருந்து பிறந்தது. எந்தக் கவலை எந்த எண்ணைத் தந்தது என்று பிரித்துப் பார்த்தால், ஒரே விடையைத் தேடுவதில் உள்ள சிக்கல் ஓரளவு தெளிவாகும்.

நீரின் வகை

வயதைப் பேசுமுன் நீரைப் பேச வேண்டும். எடுத்துக்காட்டாக, திருவனந்தபுரத்துக் குடும்பத்துக்கு எட்டும் தொலைவில் இருக்கும் நீர்ப்பயணங்கள் ஒரே தன்மையுடையவை அல்ல. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு பொழிமுகத்திலும், வேளிக் காயலிலும், நெய்யாறு அணையிலும் ஓடும் படகுச் சவாரி சிறிது நேரத்தில் முடிந்துவிடும். கரை எப்போதும் கண்ணுக்குத் தெரியும். கொல்லத்து அஷ்டமுடிக் காயலிலும் ஆலப்புழையிலும் வீட்டுப்படகான கெட்டுவள்ளத்தில் ஓர் இரவு தங்கலாம். மாலையானதும் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் வள்ளம் ஓரிடத்தில் கட்டப்பட்டுவிடும். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் கப்பல்கள் தீவைப் பொறுத்து ஏறத்தாழ 14 முதல் 20 மணி நேரம் திறந்த கடலில் ஓடுகின்றன. இவற்றுக்கும் அப்பால், பல நாள் கடலில் மிதக்கும் உல்லாசக் கப்பல்.

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் அது பெருங்கப்பல்களில் சரக்குப் பெட்டகங்களை ஏற்றி இறக்குவதற்கென்று எழுந்த துறைமுகம். உல்லாசக் கப்பலில் ஏற விரும்பும் திருவனந்தபுரத்தார் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே கொச்சிக்குத்தான் போக வேண்டும்; அங்கே எர்ணாகுளம் துறையில் சாகரிகா என்ற பன்னாட்டுப் பயணியர் முனையம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் மும்பை, கொச்சி, சென்னைத் துறைகளிலிருந்து இயங்கியிருக்கிறது. 2023இல் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் படகும் தொடங்கியது. தமிழ் பேசும் நடுத்தரக் குடும்பத்துக்கு உல்லாசக் கடற்பயணம் எட்டிய பொருளானது மிக அண்மையில்தான். கேள்வி இப்போது கூர்மையாவதற்கு அதுவே காரணம்.

பூவாற்றுக்குப் பொருந்தும் வயது லட்சத்தீவுக் கப்பலுக்குப் பொருந்தாது. பொதுவாக வழங்கும் விடைகளில் பல இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

சடங்கு வகுத்த மாதங்கள்

பழைய விடைகள் குழந்தையை வீட்டுக்கு வெளியே கொண்டுவருவதைப் பற்றியவை. மனு தரும சாத்திரம் நான்காம் மாதத்தில் வெளியே எடுத்துச் செல்வதையும், ஆறாம் மாதத்தில் சோறு ஊட்டுவதையும் சொல்கிறது. கேரளத்தில் ஆறாம் மாதச் சடங்கு சோறூண் என்ற பெயரில் இன்றும் கோயில்களில் நடக்கிறது. பல குழந்தைகளின் முதல் நெடும்பயணம் அதற்காகவே அமைகிறது. தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கும் காலமும் முதல் ஆறு மாதமே. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்தில் சந்திப்பது தற்செயலாகவும் இருக்கலாம். உடல் வளர்ச்சியைக் கூர்ந்து பார்த்தவர்கள் தொடர்ந்து கண்ட உண்மையாகவும் இருக்கலாம்.

கடலைப் பற்றியோ அந்த மரபில் வயது இல்லை, தடைதான் உண்டு. கடற்பயணம் செய்த பிராமணனை மனு நூல் சிராத்தத்தில் விலக்கப்பட்டோர் வரிசையில் வைக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரம் கடல்வழிப் பிரிவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்று விதிக்கிறது. தாய் ஏறாத கப்பலில் கைக்குழந்தை ஏறுவது எங்கே? தொல்காப்பிய விதி இலக்கிய மரபா, அன்றைய வாழ்க்கை நடப்பா என்பதில் உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் ஒருமித்த கருத்துக்கு வந்ததில்லை.

தமிழில் குழந்தையின் வயதை நுணுக்கமாக அளந்த இன்னொரு மரபு பிள்ளைத்தமிழ். பாட்டியல் நூல்கள் அதன் பருவங்களுக்கு மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களை ஒதுக்குகின்றன: ஐந்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றில் தளர்நடையிட்டு வரும் வாரானை. பயணத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் குழந்தையைப் பிறந்த நாளால் மட்டும் அளக்காமல், அது என்ன செய்யத் தொடங்கிவிட்டது என்பதாலும் அளக்கும் பார்வை இங்கே இருக்கிறது. படகுப் பாதுகாப்பைப் பொறுத்தவரை செங்கீரைப் பிள்ளைக்கும் வாரானைப் பிள்ளைக்கும் உள்ள தூரம், ஓராண்டுக்கும் மூன்றாண்டுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது.

வயது கேட்காத காலம்

பயணம் தவிர்க்க முடியாததாக இருந்தபோது யாரும் வயது கேட்கவில்லை. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துச் சாலைப் பகுதிக்கு 1918இல் ரயில் வரும்வரை, வடக்கே போகும் குடும்பங்களுக்கு நீர்வழியே முக்கியப் பாதையாக இருந்தது. ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சிக்காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வர்க்கலைக் குன்றைக் குடைந்து அமைத்த இரண்டு சுரங்கங்களும் தலைநகரை வடக்குக் காயல்களோடு இணைத்தன. திருவனந்தபுரத்து வள்ளக்கடவில் ஏறிய குடும்பத்தில் முதியவரும் இருப்பார், தொட்டில் பிள்ளையும் இருக்கும்.

கடல் கடந்தோரின் கதை இதைவிடக் கடுமையானது. சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரோடு புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்த ட்ரூரோ கப்பலில் 342 பேர் இருந்தனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் கப்பல்களில் இடம் ஒதுக்கும்போது பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாக அரை ஆளாகக் கணக்கிட்டார்கள். தட்டம்மையும் பேதியும் அக்கப்பல்களில் முதலில் பலிகொண்டது குழந்தைகளைத்தான். பிற்காலத்தில், 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த குடும்பங்களுக்குப் பிள்ளையின் வயது ஒரு தடையாகத் தோன்றியிருக்காது.

இந்த வரலாற்றைக் காட்டி, எந்த வயதிலும் குழந்தை கப்பலில் தாக்குப்பிடிக்கும் என்று வாதிடுவோர் உண்டு. பிழைத்து வந்தோரின் நினைவுகளிலிருந்து எழும் வாதம் அது. வழியிலே கடலில் இடப்பட்ட பிள்ளைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. பிழைப்புக்காகப் போனவருக்கு வேறு வழி இல்லை. தள்ளிப்போடக்கூடிய பயணத்தில்தான் ஏற்ற வயது என்ற கேள்வியே எழுகிறது. ஆகவே, இது உல்லாசப் பயணம் பெற்றெடுத்த கேள்வி.

கப்பல் நிறுவனங்களின் எல்லைக்கோடுகள்

ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற பெரிய நிறுவனங்கள் சாதாரண வழிகளில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்பதில்லை. பெருங்கடலைக் கடக்கும் வழிகளிலும், கரை தொடாமல் பல நாள் தொடர்ந்து ஓடும் வழிகளிலும் இது பன்னிரண்டு மாதமாக உயர்கிறது. ஒரே நிறுவனம் ஒரே குழந்தைக்கு இரண்டு எண் சொல்வதைக் கவனிக்க வேண்டும். மாறுவது குழந்தையின் உடல்நிலை அல்ல. குழந்தைகள் மருத்துவமனைக்கு உள்ள தொலைவு. கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் அவர் குழந்தை மருத்துவராக இருப்பது அரிது. ஆறு மாதம் என்பது நிறுவனம் தன் பொறுப்பைக் கணக்கிட்டு வகுத்த எல்லை. அதை நல்ல வயது என்று படிப்பது, வாசலைக் கூடம் என்று எண்ணுவது போல.

அடுத்த கோடு மூன்று வயதில் விழுகிறது. ராயல் கரீபியன், டிஸ்னி போன்றவற்றின் சிறுவர் கூடங்கள் பொதுவாக மூன்று வயது நிரம்பி, கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளையே ஏற்கின்றன. அதற்குக் கீழுள்ளோருக்குச் சில கப்பல்களில் தனிக் கட்டணத்தில் குழந்தைக் காப்பகம் உண்டு, பலவற்றில் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் கப்பல் சுகாதார விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. டயப்பர் அணியும் குழந்தைக்கு அங்கே பொது நீச்சல் குளத்தில் இடமில்லை. ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை உள்ள பிள்ளை இப்படிக் கப்பலின் எல்லா வசதிகளுக்கும் இடையே விடுபடுகிறது. கைக்குழந்தையைப் போல ஓரிடத்தில் கிடக்காது. பெரிய பிள்ளையைப் போல எங்கும் சேர்த்துக்கொள்ளப்படாது. பெற்றோர் முறைவைத்துப் பின்னாலேயே ஓட வேண்டும். மூன்று வயதுவரை காத்திருக்கலாம் என்ற பரவலான அறிவுரையின் வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. சிறுவர் கூடமே இல்லாத லட்சத்தீவுக் கப்பலுக்கோ கெட்டுவள்ளத்துக்கோ அந்த அறிவுரையை அப்படியே கொண்டுவர முடியாது.

மருத்துவம் சொல்வது

கடற்பயணக் குமட்டலைப் பொறுத்தவரை மருத்துவ இலக்கியம் பலரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி அரிது. அது ஏறக்குறைய ஆறு ஏழு வயதில் கூடத் தொடங்கி, பன்னிரண்டு வயதுக்குள் உச்சம் கண்டு, பிறகு தணிகிறது. உட்செவியின் சமநிலை உறுப்பு ஓர் அசைவைச் சொல்ல, கண் வேறொன்றைச் சொல்ல, மூளை முன்பு பழகியது மூன்றாவதாக இருக்க, இந்த முரண்பாடே குமட்டலாகிறது என்பது ஜேம்ஸ் ரீசனும் ஜே. ஜே. பிராண்டும் 1975இல் விரித்துரைத்த கோட்பாடு. இன்னும் நடந்து பழகாத குழந்தைக்கு அந்தப் பழைய பழக்கமே உருவாகியிருக்காது என்பதால் முரண்பாடும் குறைவு என்று விளக்குகிறார்கள். மறுப்பும் உண்டு: குமட்டலை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் வாந்தியை மட்டும் எண்ணினால் கணக்கு குறைந்துதான் வரும்.

எல்லா ஆட்டமும் குமட்டலைத் தருவதில்லை. ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில் மெல்ல ஏறி இறங்கும் அசைவே மிக மோசமானது என்று 1970களின் ஆய்வுகள் காட்டின. அது நீண்ட கடல் அலையின் அசைவு. பூவாற்றுப் படகின் துடிப்பான ஆட்டம் அல்ல. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது லட்சத்தீவுக் கப்பலின் கதை வேறு. அந்தப் பருவத்தில் வயதைவிட மாதமே முதலில் பார்க்க வேண்டியது.

குமட்டல் வந்துவிட்டால் சிறுவயது சாதகமாக இருப்பதில்லை. இந்திய வீடுகளில் நன்கு அறிமுகமான பயண மாத்திரைகள் சிலவற்றில் புரோமெதசின் வகை மருந்து இருக்கிறது. அது இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு மூச்சுத் தடையை உண்டாக்கலாம் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. அதாவது, குமட்டல் அரிதாக வரும் அதே வயதில் மருந்துக்கும் வழி குறைவு. எடை குறைந்த உடலில் வாந்தியோ பேதியோ சில மணி நேரத்தில் நீரிழப்பாக மாறும். உப்பு சர்க்கரைக் கரைசலே அப்போது முதல் துணை.

தொற்றுநோய் பக்கத்திலிருந்து வரும் விடை தடுப்பூசி அட்டவணையைச் சார்ந்தது. இந்தியத் தேசியத் திட்டத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 முதல் 12 மாதத்திலும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்திலும் போடப்படுகிறது. இரண்டாம் தவணை முடியும்வரை ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கும் கப்பலைத் தவிர்க்கலாம் என்போரின் நிலைப்பாடு, பழைய ஒப்பந்தக் கப்பல்களின் அனுபவத்தை நினைத்தால் வலுவானதாகவே தோன்றுகிறது. ஆனால் உல்லாசக் கப்பல்களில் பெயர்பெற்ற நோரோ வைரசுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. மதுசாரக் கைத்திரவம் அதை நன்றாகக் கொல்வதுமில்லை. சோப்பும் தண்ணீருமே நம்பகமானவை. கண்டதை வாயில் வைக்கும் பருவம் கடந்தபின் இந்த ஆபத்து குறையலாம்.

நினைவில் நிற்காத பயணம்

உளவியலிலிருந்து வரும் வாதம் வேறு வகை: மூன்று வயதுக்கு முந்தைய பயணம் பிள்ளைக்கு நினைவிருக்காது, எனவே செலவு வீண். குழந்தைப் பருவ மறதி பற்றி சிக்மண்ட் ஃபிராய்ட் 1905இல் எழுதினார். பெரியவர்களைக் கேட்டால் தங்கள் முதல் நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தது என்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. ஆயினும், பாட்ரீசியா பவரும் மரினா லார்கினாவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சற்றுத் திருத்தியது. மூன்று வயதில் நடந்தவற்றை ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் பெருமளவு நினைவில் வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதில்தான் அது வேகமாகக் கரைந்தது. ஆகவே நினைவு உருவாகவே இல்லை என்று சொல்வதற்கில்லை. உருவாகி, பிறகு அழிகிறது. பெற்றோர் அந்த நிகழ்வைப் பற்றிப் பிள்ளையோடு எப்படிப் பேசுகிறார்கள் என்பதும் அதன் ஆயுளை நீட்டுகிறது என்று இத்துறையில் பலர் கருதுகிறார்கள்.

இந்த வாதத்தின் பலவீனம் அளவுகோலில் இருக்கிறது. நினைவில் நிற்காதது வீண் என்றால் சோறூணும் வீண்தான். யாரும் அப்படி நினைப்பதில்லை. சிறு பிள்ளையோடு செய்யும் பயணம் பெரும்பாலும் பெற்றோரின் பயணம், தாத்தா பாட்டியின் பயணம். அதை ஒப்புக்கொண்டால் கேள்வியின் வடிவமே மாறிவிடும்: பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதற்குப் பதில், பிள்ளைக்குத் தீங்கு வராமல் இருக்குமா என்று கேட்டால் போதும்.

அரைச்சீட்டின் கணக்கு

கட்டணம் தரும் விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விமானத்தில் இரண்டு வயதுவரை மடியில் வைத்துப் போகலாம். இந்திய ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்டோருக்குத் தனி இருக்கை கேட்காதவரை சீட்டு வேண்டாம். கெட்டுவள்ளக்காரர்களும் பெரும்பாலும் ஐந்து வயது வழக்கத்தையே பின்பற்றுகிறார்கள். இரண்டுக்கு முன், அல்லது ஐந்துக்கு முன் போய்வந்துவிட வேண்டும் என்ற குடும்பப் பேச்சு இங்கிருந்து வருகிறது. கப்பலில் இது முழுமையாகச் செல்லாது. உயிர்காப்புப் படகின் கொள்ளளவைக் கணக்கிடும்போது மடிக்குழந்தை என்ற வகை கிடையாது. ஒவ்வோர் உயிரும் ஓர் ஆள்தான்.

விபத்துகள் கற்பித்தவை

கேரளத்தில் படகு விபத்துகளின் வரலாறு நீளமானது. திருவனந்தபுரம் மாவட்டத்துக் காயிக்கரையில் பிறந்த கவிஞர் குமாரன் ஆசான், 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கிப் போகையில், ரிடீமர் என்ற படகு பல்லனை ஆற்றில் கவிழ்ந்து இறந்தார். 2002 ஜூலை 27 அன்று குமரகத்துக்கு அருகே ஒரு கைக்குழந்தை உட்பட 29 பேர் மாண்டனர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா கவிழ்ந்து 45 பேரும், 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டத் தானூரில் 22 பேரும் உயிரிழந்தார்கள். தானூரில் இறந்தோரில் பலர் குழந்தைகள். இவற்றில் பெரும்பாலானவற்றில் அளவுக்கு மீறிய சுமை, பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்தல், பொருந்தாத கட்டமைப்பு என்ற காரணங்களே மாறிமாறிப் பேசப்பட்டன. பிள்ளைக்கு இரண்டு வயதா நான்கு வயதா என்பது அங்கே எதையும் மாற்றியிருக்காது. எத்தனை பேர் ஏறினார்கள் என்பது மாற்றியிருக்கும்.

வயது மாற்றும் ஆபத்து ஒன்று உண்டு, அது தவறி விழுதல். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் சுமார் கால் பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டோர். நடக்கத் தெரிந்து, ஆபத்து தெரியாத ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள காலமே மிகக் கொடியது. கெட்டுவள்ளத்தின் முன்தளம் திறந்தது. கைப்பிடியின் இடைவெளிகள் பெரியவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கைக்குழந்தைக்கு இது ஆபத்து அல்ல, ஏனெனில் அது யார் மடியிலாவது இருக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆபத்து.

உயிர்காப்பு மேலங்கியைப் பற்றிய பன்னாட்டு விதி இங்கே கவனிக்கத்தக்கது. கடலில் உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் உள்ள விதிகள் மேலங்கிகளை எடையாலும் உயரத்தாலும் பிரிக்கின்றன. 15 கிலோவுக்குக் குறைந்தவருக்கு, அதாவது 100 சென்டிமீட்டரைத் தாண்டாதவருக்கு, ஒரு வகை. 43 கிலோ வரை, 155 சென்டிமீட்டருக்குள் இருப்போருக்கு இன்னொரு வகை. ஒரு நாளோ அதற்கு மேலோ நீளும் பயணத்தில் கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒரு மேலங்கி இருக்க வேண்டும் என்பதும் விதி. இத்துறையினர் பல பதிற்றாண்டு அனுபவத்தில் பிறந்த நாளை ஒதுக்கிவிட்டு எடைக்கு வந்து சேர்ந்தார்கள். பெரியவர் அளவு மேலங்கியைக் கட்டிய பத்துக் கிலோப் பிள்ளை நீரில் விழுந்தால் அங்கி மேலே மிதக்கும், பிள்ளை அதிலிருந்து நழுவும். கால்களுக்கு இடையே போகும் பட்டையும் தலையைத் தாங்கும் கழுத்துப் பகுதியும் உள்ள சிறிய அளவு இருக்கிறதா என்று துறையில் கேட்பது, வயதைப் பற்றிய பல விவாதங்களைவிடப் பயனுள்ளது.

திறந்தே இருப்பவை

இந்த நிலைப்பாடுகளை அருகருகே வைத்தால் ஏற்ற வயது ஒரு நேர்கோடாக ஏறிச் செல்வதில்லை என்பது தெரிகிறது. ஆறு மாதம் கடந்து நடை பழகாத குழந்தை பல வகைகளில் எளிய பயணி. மூன்று கடந்த பிள்ளையும் அப்படியே. இடைப்பட்ட காலம் குமட்டலைப் பொறுத்தவரை சாதகமாகவும், மேற்பார்வைக்கும் மூழ்கும் ஆபத்துக்கும் மிகப் பாதகமாகவும் இருக்கிறது. கரை தெரியும் காயல் சவாரிக்கு, பொருந்தும் மேலங்கி இருந்தால், இடைக்காலமும் பெரிய தடையாகத் தோன்றவில்லை. இரவுத் தங்கலுக்கும் திறந்த கடலுக்கும் மூன்றுவரை பொறுப்பதன் பக்கமே சான்றுகள் சாய்கின்றன. ஆனால் அந்தச் சாய்வு ஓரளவு மேலைநாட்டுக் கப்பல்களின் வசதி அமைப்பிலிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

வல்லுநர்களிடையே தீராத ஒரு தொழில்நுட்பக் கேள்வியும் உண்டு. மூடிய கூரையும் சன்னல் சட்டங்களும் உள்ள படகு கவிழ்ந்து மூழ்கினால், மேலங்கியின் மிதவை விசையே அணிந்தவரைக் கூரையோடு அழுத்திவிடலாம். 1999 மே மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் மிஸ் மஜெஸ்டிக் என்ற சுற்றுலா வாகனப்படகு மூழ்கி 13 பேர் இறந்தபின், அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூரை அமைப்பையே பெரும் குறையாகச் சுட்டியது. திறந்த படகில் பிள்ளைக்கு எப்போதும் மேலங்கி வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தானே வெளியேறத் தெரியாத இரண்டு வயதுப் பிள்ளை மூடிய அறைப்படகில் அதை அணிந்தே உட்கார வேண்டுமா, பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் அது இருந்தால் போதுமா, அல்லது அத்தகைய படகில் அந்த வயதை ஏற்றாமல் இருப்பதே சரியா என்பது படகின் வடிவத்தையும், கவிழும் வேகத்தையும், பக்கத்தில் இருப்பவரின் நீச்சலையும் பொறுத்தே நிற்கிறது.